வாசமில்லாத பொட்டலம்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, பண்பொழி என்று நாலு கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், வேன் பேசியாயிற்று, உனக்கு ஜன்னலோரம் இடம் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து போனில் கூப்பிட்டீர்கள். எனக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். பொய்தான். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. பண்பொழி மலைக்கு இப்போது மேலே வரைக்கும் ரோடு போட்டாச்சு, ஒரு படிகூட ஏற வேண்டாம் என்று உங்களில் ஒருத்தி ஆசை காட்டினாள். எனக்கு ஆசை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை. ஒன்றாகப் பாவாடை கட்டித் திரிந்தவர்கள் நாம், உங்களிடம் எனக்கு என்ன கோபம்? அந்த நாலு கோயிலையும் ஒரே சீசனில் நான் பார்த்து முடித்தவள். அப்போது எனக்கு எட்டு வயது. அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே கூப்பிட மாட்டீர்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சீசன். செங்கோட்டை, பண்பொழிப் பக்கம் எல்லாம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். சீசன் வந்தால் தென்காசிக்காரர்கள் வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி பிறந்து, மேற்கே மலை கறுத்து, முற்றத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும், பேர்கூடக் கேட்டிராத சொந்தக்காரர்கள் திசைக்கு ஒருவராக வந்து இறங்குவார்கள். முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம், பின்னால் ஏழு பேர். அம்மாவுக்கு அடுப்படியை விட்டு எழுந்திருக்க நேரம் இருக்காது. அப்பாவுக்கோ கொண்டாட்டம். அவர் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர். வருடம் முழுக்க அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சீசனில்தான் அவர் பேச்சைக் கேட்க ஆள் கிடைக்கும். வந்தவர்களை வண்டி கட்டிக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போவார். அக்காவும் நானும் ஈரத் துண்டு மூட்டையோடு பின்னால் போவோம்.

அவர் சொல்லுவது வருடா வருடம் ஒன்றேதான். முதலில் நம் பெரிய கோயில். அப்போது அந்தக் கோபுரம் எங்கே கோபுரமாக இருந்தது? உச்சி கிடையாது. நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் மொட்டையாக நின்றது. பிளவுக்குள் செடி முளைத்துக் கிடக்கும். இடி விழுந்து பிளந்தது என்பார் ஒரு கூட்டத்திடம். தீப்பிடித்தது என்பார் அடுத்த கூட்டத்திடம். வாசலில் அடிக்கிற காற்றில் பெண்களுக்குச் சேலையைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கை போதாது, அவர் சொன்னதை யார் கேட்டார்கள்?

அடுத்து குதிரை வண்டியில் குற்றாலம். சங்கு வடிவக் கோயில். பெருமாளாக நின்றிருந்த சாமியின் தலையில் அகத்தியர் கையை வைத்து அமுக்க, அவர் குறுகிச் சிவலிங்கமாகிவிட்டார் என்ற கதை. அமுக்கின அமுக்கில் சாமிக்கு இன்றைக்கும் தலைவலி, அதனால்தான் தைலம் காய்ச்சித் தலையில் வைக்கிறார்கள் என்று அப்பா முடிப்பார். அந்த இடத்தில் அக்கா என் காதோடு, "அமுக்குத ஆளு அமுக்கினா சாமியே மாறிருவாரு போலட்டி" என்பாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. அப்பா இல்லாத நேரத்தில் அரிசி புடைக்கிற சுளகை நிமிர்த்தி வைத்து, அதைக் கோபுரமாக்கி, அகப்பையால் சுட்டிக் காட்டி, அப்பா குரலிலேயே கதை சொல்லுவாள். அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிற அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தது என்றால் அது அக்கா போட்ட பிச்சைதான்.

பக்கத்துத் தெருவில் பெரியப்பா இருந்தார், அப்பாவுக்கு அண்ணன். அவர் இருமினால் அப்பா எழுந்து நிற்பார். அந்த வருடம் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். ஆலங்குளம் பக்கத்து ஊர், பருத்தி வியாபாரம், பெரிய வீடு. மாப்பிள்ளைக்கு முப்பது வயது. ரெண்டாந்தாரம். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாளாம், பிள்ளை கிடையாதாம். சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தங்கியிருந்தார்கள்.

பெண் பார்க்கிறோம் என்று சொல்லாமல் பெண் பார்ப்பது அந்தக் காலத்து நாகரிகம். கோயில் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டது போல எல்லோரும் நடிப்பார்கள். எங்கள் நாடகம் குற்றாலம் சித்திர சபையில் நடந்தது. சுவர் முழுக்க எழுதியிருக்கிற சாமி படங்களை அப்பா ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு படத்தையும் பார்க்கவில்லை. காதில் பாம்படம் தோளைத் தொட்டு ஆட, அவள் அக்காவைத்தான் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். வெற்றிலைப் பெட்டியை வேண்டுமென்றே கீழே போட்டாள், அக்கா குனிந்து எடுத்துக் கொடுக்கிறாளா என்று. அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

"படிச்ச புள்ளையாம்லா, கையெழுத்து எப்படி..." என்று அவள் ஆரம்பித்தாள். மாப்பிள்ளை திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வண்டி ஏறும் வரைக்கும் அவள் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா, "தாயும் மவனும் என்ன மரியாதைங்கே, ஒரு பார்வையிலயே புரிஞ்சுக்கிடுதாவ" என்று மெச்சினார். அப்பா ஆமாம் அண்ணாச்சி என்றார். எட்டு வயதில் எனக்கே அந்தப் பார்வையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பெரியவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல?

அன்றைக்கே குற்றாலத்து ஸ்டுடியோவில் அக்காவை ஒரு போட்டோ எடுத்தார்கள். கூப்பிடு தூரத்தில் நிஜ அருவி விழுந்துகொண்டிருக்க, ஸ்டுடியோக்காரர் திரையில் வரைந்த அருவிக்கு முன்னால் அவளை நிறுத்தினார். அவளுக்கு அது பொறுக்கவில்லை, சிரித்துவிட்டாள். சிரித்த முகமாகவே விழுந்துவிட்டது படம். இரண்டு பிரதி போட்டு ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் பிரதியைச் சுவரோடு சேர்த்துக் கரையான் தின்றுவிட்டது. அந்த வீட்டுப் பிரதி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அக்கா சிரிக்கிற படம் வேறு ஒன்றும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து அருவியில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தோம். தலையில் தண்ணீர் அறைகிற அறையில் பக்கத்தில் நிற்பவள் சொல்வதே கேட்காது. ஒரு நடுவயதுப் பெண் அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். நானும் பாவாடையைப் பிழிந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

"ஏட்டி, அந்தப் பாம்படக்காரி வீட்டுக்கா உன்னைக் கேக்காவ? முந்தாநாளு உங்க கூட கோயில்ல பாத்தேன்."

அக்கா தலையை ஆட்டினாள்.

"எங்க ஊருதான் அவிய. மூத்தவ காய்ச்சல்ல போனான்னு சொல்லியிருப்பாவளே? காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெணத்துல இருந்து தூக்குனாவ. மேலு பூரா காயம். நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிராத தாயி." இவ்வளவுதான். பேர் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அம்மாவிடம் சொன்னாள். அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "குளிக்க வந்த எடத்துல ஊரு பேரு தெரியாத ஒருத்தி சொன்னாளாம், இவ கேட்டாளாம். நல்லது நடக்கப் போவுதுன்னா நாலு பேரு வயிறெரியத்தான் செய்வா" என்றாள். அப்பா சாயந்திரம் வந்ததும் அவரிடமும் அக்காவே சொன்னாள். அவள் அழவில்லை. நின்று நிதானமாகத்தான் சொன்னாள்.

"எனக்கு இந்த எடம் வேண்டாம்னு நான் சொல்லலப்பா. ஆலங்குளத்துக்கு பஸ்ஸு போவுது. ஒரு எட்டு போயி விசாரிச்சுட்டு வாங்க. அந்தக் கெணத்துக் கதை பொய்யின்னா நான் கழுத்தை நீட்டுதேன். நான் வேற ஒண்ணும் கேக்கல."

"விசாரிக்கப் போனா அவியளுக்குத் தெரிஞ்சிராதா? பொண்ணு குடுக்க முன்னாடியே சந்தேகப்படுதானேன்னு அண்ணாச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார் அப்பா.

ஆடி பிறக்குமுன் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள், ஆவணியில் கல்யாணம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். யோசித்து, சாமியிடம் பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

உங்கள் வீடுகளிலும் செய்திருப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டுவார்கள். சன்னிதியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். பிள்ளை மனசில் கள்ளம் கிடையாது, அது எடுப்பது சாமி எடுத்துக் கொடுப்பது மாதிரி என்று நம்பிக்கை. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை நான்தான்.

முதலில் நம் பெரிய கோயில். பிச்சிப்பூ ஒன்று, செவ்வரளி ஒன்று. அப்பாவே கட்டினார். சன்னிதிப் படியில் வைத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, கைக்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் ஒரு தந்திரமும் செய்யவில்லை. அப்பா பிரித்தார். செவ்வரளி.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. அக்கா வாசல் காற்றில் பறக்கிற தாவணியைக்கூடப் பிடிக்காமல் நடந்து வந்தாள். அன்று மத்தியானம் அவள் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மறுபடியும் சுளகை நிமிர்த்தி வைத்து அப்பாவைப் போலப் பேசிக் காட்டினாள். அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

பெரியப்பா வந்தார். கேட்டார். தொடையில் தட்டிக்கொண்டார்.

"இடி விழுந்த கோயில்ல போயி எவம்லே நல்ல காரியம் கேப்பான்? கோபுரமே பொளந்து கெடக்கு, அங்கன இருந்து சேர்மானம் எப்படி வரும்? குத்தாலத்துல அம்மன் சன்னிதியில கேளு."

அப்பா உடனே சரி என்றுவிட்டார். அந்தப் பிளந்த கோபுரத்தைத்தான் வருடா வருடம் வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார், பாருங்கள்.

மறுநாள் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மச்சில் அக்கா தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வெள்ளைப் பொட்டலம் வாசமா இருந்துச்சு. நான் எடுக்காத பொட்டலத்த அப்புறமா மோந்து பாத்தேன். நான் எடுத்ததுல வாசமே இல்ல."

அக்கா சிக்கெடுப்பதை நிறுத்தினாள். பிச்சிக்கு வாசம் உண்டு. அரளிக்குக் கிடையாது. இலையில் மடித்தாலும் பிச்சி வாசம் தெரியத்தான் செய்யும். பெரியவர்கள் எத்தனை பேர் சுற்றி நின்றார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"இதை வேற யாருகிட்டயும் சொன்னியாட்டி?"

"இல்ல."

"சொல்லாத. குத்தாலத்துல உன்னைத்தான் எடுக்கச் சொல்லுவாவ. ரெண்டையும் கையில எடுக்குத மாதிரி எடுத்து மோந்து பாரு. வாசமில்லாததை எனக்கு எடுத்துக் குடுட்டி. எடுக்கியா?"

"சாமி கண்ணைக் குத்திராதா?"

"குத்துனா என் கண்ணைக் குத்தட்டும். நான் சொல்லித்தானே நீ செய்யுத. வாசமில்லாதது. மறந்துராத."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. என்னிடம் யாரும் அதுவரைக்கும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குற்றாலத்தில் சொன்னபடி செய்தேன். ஒன்றை எடுத்தேன், முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கும்பிடுகிற மாதிரி மோந்தேன். பிச்சி. கீழே வைத்தேன். மற்றதை எடுத்துக் கொடுத்தேன். செவ்வரளி. "பிள்ளை என்ன பக்தியா எடுக்கு பாருங்க" என்றாள் அம்மா. கள்ளம் கிடையாத பிள்ளை நான்.

அப்பாவுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. "ரெண்டு எடத்துலயும் வேண்டாம்னு வந்துட்டு. விட்டுருவோம் அண்ணாச்சி" என்றார். அக்கா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷம் அப்படியே நின்றிருக்கக் கூடாதா?

பெரியப்பா விடவில்லை. "குத்தாலத்துல சாமிக்கே தலைவலி. அங்கன போயி கல்யாணம் கேட்டா அவரு என்ன சொல்லுவாரு? முருகன்கிட்ட கேளுலே. ரெண்டு பொண்டாட்டிக்காரரு. ரெண்டாந்தாரம்னா அவருக்குத்தான் தெரியும். கிட்டத்துல இலஞ்சியில இருக்காருன்னு அங்கன போயிராத. பண்பொழித் திருமலைக்கோயில்ல ஏறிக் கேளு. மேலு நோவ ஏறிக் கேட்டாத்தான் பலிக்கும்."

தென்காசியிலிருந்து ஆலங்குளத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். இறங்கி நாலு பேரிடம் கேட்டிருந்தால் அந்தக் கிணற்றின் கதை தெரிந்திருக்கும். அப்பா அதற்குப் பதிலாக ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டி, அறுநூறு படிக்கு மேல் ஏறினார். இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பண்பொழிக்கு இந்தத் தடவை மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தாள், மாப்பிள்ளையும் வந்தார். பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார். அக்கா வரமாட்டேன் என்றதற்கு அம்மா அவள் தொடையில் கிள்ளி அழைத்துவந்தாள். விடாத சாரல். அடிவாரத்தில் ஒரே ஒரு பூக்கடை. பிச்சி கிடையாது, மழையில் அழுகிப் போயிற்று என்றாள் பூக்காரி. நந்தியாவட்டை இருந்தது. சிவப்புக்கு அரளியும் இல்லை, நாட்டு ரோசா இருந்தது. வெள்ளைன்னா வெள்ளை, சிவப்புன்னா சிவப்பு, எந்தப் பூவாக இருந்தால் என்ன என்று அப்பா வாங்கிக்கொண்டார். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அக்காவும் நானும் அம்மாவோடு முன்னாலேயே ஏற ஆரம்பித்துவிட்டோம். பூக்காரி சொன்னதெல்லாம் அப்பா பிற்பாடு பலரிடம் பெருமையாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படி வழுக்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி மலையில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஞாபகம் இருக்குல்லா?" என்றாள். "வாசமில்லாதது" என்றேன். தலையில் முத்தம் கொடுத்தாள். அவள் எனக்குக் கொடுத்த கடைசி முத்தம் அதுதான்.

மேலே சன்னிதியில் ஒரே சந்தன வாசமும் கற்பூரப் புகையும். பொட்டலம் இரண்டையும் வைத்தார்கள். இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை தூணில் சாய்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் முதல் பொட்டலத்தை எடுத்து முகத்தருகே கொண்டு போனேன். வாசம் அடித்தது. ஆனால் பிச்சி வாசம் இல்லை. வேறு வாசம். ரோசா என்று மூக்குக்குத் தெரிந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. மற்றதை எடுத்தேன். அதில் ஒரு வாசமும் இல்லை.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்திருந்தால் எதையாவது கேட்டிருப்பேன், அழுதிருப்பேன், கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். "எடுட்டி, எவ்வளவு நேரம்?" என்று பெரியப்பா அதட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வாசமில்லாததை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று ஐந்தாறு பூ.

"முருகா!" என்று அப்பா கத்திவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா என் தலையில் கையை வைத்துத் திருஷ்டி கழித்தாள். பெரியப்பா, "நான் என்ன சொன்னேன்? நான் என்ன சொன்னேன்?" என்று எல்லோரிடமும் கேட்டார். இரண்டு கோயிலில் வேண்டாம் என்று வந்ததை அன்று யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை. இரண்டு வேண்டாம் சேர்ந்தும் ஒரு சரிக்கு முன்னால் நிற்க முடியவில்லை. ரோசாப் பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூட இல்லை, வாடின பூவோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். வெள்ளைப் பூவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கை அப்போது என் தலைமேல்தான் இருந்தது. இறங்கும்போது ஓடிப்போய் அக்கா கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். "அக்கா, ரோசாவுல..." என்று ஆரம்பித்தேன். "எங்கிட்ட பேசாத" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அறுநூறு படியும் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே இறங்கினேன். பிள்ளைக்குக் கால் வலிக்கிறது என்றாள் அம்மா.

வேறு யாரிடம் சொல்வேன்? அப்பாவிடம் சொல்ல வேண்டுமானால் சன்னிதியில் மோந்து பார்த்துத் திருட்டுத்தனம் செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் என் முதுகுத் தோலை உரித்திருப்பார். எட்டு வயதில் முதுகுதான் பெரிதாகத் தெரிந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆவணியில் இலஞ்சிக் கோயிலில் கல்யாணம். நாதஸ்வரக்காரருக்குச் சாரலில் சீவாளி ஊறி, ஊதினால் சத்தமே வரவில்லை என்று ஒரே சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது எல்லோர் காலிலும் விழுந்தாள், எல்லோரிடமும் போய்வருகிறேன் என்றாள். என்னைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறினாள்.

அந்த வீட்டில் அவள் பட்டதை நான் பார்க்கவில்லை, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தலைப்பொங்கலுக்கு வந்தபோது பின்னந்தலையில் ஒரு இடத்தில் முடி இல்லை. வெந்நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. அடுத்த வருடம் வந்தபோது இடது காது கேட்கவில்லை. சளி அடைப்பு என்றார் அப்பா. அவள் திரும்பிப் போகமாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டபோது அவர் சொன்னது இது: "சாமி உத்தரவு குடுத்த வீடு. நீ எந்திரிச்சு வந்தேன்னா அது சாமி குத்தமாயிரும்." மறுநாள் காலை பஸ்ஸில் அவரே கொண்டு போய் விட்டார். ஆலங்குளம் பஸ்ஸில்தான். அப்போது மட்டும் அந்த பஸ் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

சீசன் விருந்தாளிகளைக் கூட்டிப் போவதை அவர் நிறுத்தவில்லை. கதையில் ஒன்று கூடிக்கொண்டது. குற்றாலம் கோயில் வாசலில் நின்று, "எங்க மூத்தவளுக்கு மூணு சன்னிதியில கேட்டு முடிச்ச சம்பந்தமாக்கும்" என்பார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். நான் ஈரத் துண்டு மூட்டையோடு பின்னால் நிற்பேன்.

பதினோரு வருடம் போயிற்று. எனக்குப் பத்தொன்பது. எனக்கு ஒரு வரன் வந்தது, அச்சன்புதூர்ப் பக்கம். அக்கா தன் மகளோடு வந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஏழெட்டு வயது இருக்கும். அப்பா அதன் கன்னத்தைத் தட்டி, "பூ எடுக்கதுக்கு ஆளு வந்தாச்சு" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பூவும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். போயி விசாரிச்சுட்டு வாங்க" என்றேன்.

"ஏன், உங்க அக்காளுக்குச் சாமிகிட்ட கேட்டுத்தானே முடிச்சோம்? என்ன கொறைஞ்சு போச்சு?" என்றார் அப்பா. அக்காவின் இடது பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னார். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

அவர் வெளியே போனதும் நான் அக்காவின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அவளாகவே வாயைத் திறந்தாள். அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு உனக்கு என்னட்டி குடுத்தாவ?"

"என்னைக்கு?"

"மலைக்கோயில்ல. வெள்ளையை எடுத்துக் குடுக்கதுக்கு. மிட்டாயா? பாவாடைத் துணியா? சின்னப் புள்ளதானே, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சும்மா சொல்லு."

பதினோரு வருடமாக அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடி விழும்போதெல்லாம் இதைத்தான் நினைத்திருப்பாள். மிட்டாய்க்கு விற்றுவிட்டாள் தங்கச்சி என்று. நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒண்ணுமே குடுக்கலக்கா. நீ சொன்னதைத்தான் செஞ்சேன். வாசமில்லாததைத்தான் எடுத்தேன். அன்னைக்குப் பிச்சி கெடைக்கல, நந்தியாவட்டை வச்சிருக்காவ. செவப்புக்கு ரோசா. ரோசாதான் வாசமடிச்சுது. உன்னைத் திரும்பிப் பாத்தேன். நீ கண்ணை மூடியிருந்த."

அக்காவின் கை அரிசியில் அப்படியே நின்றது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தள்ளவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அப்போ எனக்கு நாந்தான் எடுத்துக் குடுத்திருக்கேன், என்னட்டி?" என்றாள்.

மகளைக் கூப்பிட்டு, முடியை வாரிப் பின்னிவிட்டு, சாயந்திரம் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். வாசலில் என் தலையில் கையை வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேன், அக்கா என்னிடம் திரும்ப வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி நான். அன்று ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் அக்கா, பாவாடைத் துணி தருவதாகச் சொன்னார்கள், ஆசைப்பட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டாவது அவள் அந்த வீட்டில் இருந்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் மூன்று வருடம்தான் உயிரோடு இருந்தாள். காய்ச்சல் என்று தந்தி வந்தது. அப்பா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எந்தக் கிணறு என்று நான் கேட்டேன்.